கருவி எண் 14: ஆதியம்மாளின் வலது கை

சதுரங்கப்பட்டினம்,
2-3-1974, சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மச்சான் ஜானகிராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் பூவராகவன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சொர்ணமும் சவுக்கியம். சொர்ணத்தின் இடது முழங்கால் மட்டும் சவுக்கியமில்லை, ஆனால் அது தை மாசத்திலிருந்தே இல்லை, ஆகையால் கவலைப்பட வேண்டாம். அவ்விடம் தாங்கள், அக்கா, சிரஞ்சீவி மூர்த்தி எல்லோரும் சவுக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்து, மூர்த்தி விஷயம் அறிந்தேன். அம்பத்தூர் பெயிண்ட் கம்பெனியில் அவன் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகிறது, இன்னும் பதினைந்து நாளில் வேலை நிரந்தரமாக வேண்டும், இந்தச் சமயம் பார்த்து அவனுடைய ஆபீசர் ஒரு ரிஜிஸ்டரை நீட்டி, செய்யாத பரிசோதனையையெல்லாம் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார், அதில் அவன் வேலைக்கே சேராத இரண்டு மாதமும் அடக்கம், போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீட்டுக்கு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், பையன் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அத்துடன், "மாப்பிள்ளை, கம்பெனி உத்தியோகத்தில் நேர்மையாக இருந்து மேலே வந்தவர் நம்ம குடும்பத்தில் நீங்கள் ஒருத்தர்தான், நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்வான்" என்றும் எழுதியிருந்தீர்கள். மச்சான், அந்த வரியைச் சொர்ணத்துக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை படிக்கப் போனபோது அவள் அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மூர்த்தி கையெழுத்துப் போடக் கூடாது. இந்த மாமன் உயிரோடு இருக்கிற வரைக்கும் போடக் கூடாது. ஏன் என்பதற்கு ஊர் உலகத்தில் உதாரணம் தேட வேண்டாம், என்னையே பார்க்கச் சொல்லுங்கள்.

நான் இந்த மச்சாவதாரா ஸீ ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட்டில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. கோவளத்திலிருந்து கூவத்தூர் வரைக்கும் பிடிபடுகிற இறாலையெல்லாம் வாங்கி, உரித்து, பாளம் பாளமாக உறைய வைத்து ஜப்பானுக்கு அனுப்புகிற கம்பெனி என்பது தங்களுக்குத் தெரியும், போன தீபாவளிக்கு வந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் சட்டையே சொல்லிவிட்டது. முதல் எட்டு வருஷம் லாரியில் ஏறுகிற பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் முனிசாமி என்கிறவர் ரிடையர் ஆனதும் அவர் எழுதிக்கொண்டிருந்த குளிர் ரிஜிஸ்டர் என் கைக்கு வந்தது. இறால் வைக்கிற அறையில் குளிர் எவ்வளவு என்று இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும், மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேலே ஏறினால் இறால் கெட்டுப்போகும், அவ்வளவுதான் வேலை. முனிசாமி ரிஜிஸ்டரை என்னிடம் கொடுத்து, "ஒண்ணும் கஷ்டமில்ல பூவராகவா, மேல இன்னா கீதோ அத்தப் பார்த்துக் கீழ எழுதிக்கினே போ" என்றார். புரட்டிப் பார்த்தேன். ஒன்பது வருஷமும் மைனஸ் பதினெட்டு. சித்திரை வெயிலிலும் மைனஸ் பதினெட்டு, புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து நாலு நாள் கரண்டே இல்லாத வாரத்திலும் மைனஸ் பதினெட்டு. தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியைக் காட்டினார். அதில் அவருடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. தெர்மாமீட்டர் அவர் காலத்துக்கு முந்தியே உடைந்துவிட்டதாம்.

எனக்குக் கை ஓடவில்லை மச்சான். என் சுபாவம் தங்களுக்குத் தெரியும், எண்ணாமல் ஒரு பெட்டியை எழுதியவன் இல்லை. முதல் நாளே ரிஜிஸ்டரில் "கருவி இல்லாததால் குளிர் தெரியவில்லை" என்று எழுதினேன். மேனேஜர் செல்வராஜ் சாயந்திரமே கூப்பிட்டார். நல்ல மனுஷன், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். "ஏன்யா, ஒன்பது வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச குளிர் உனக்கு மட்டும் எப்படிய்யா தெரியாமப் போச்சு?" என்றார். சார், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தால் எனக்கும் தெரிந்துவிடும் என்றேன். மூன்று காப்பி எழுதி மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதாவது, தங்கள் கிளையில் ஒன்பது வருஷமாகக் குளிர் தவறாமல் பதிவாகியிருப்பதால் தெர்மாமீட்டர் நல்ல நிலையில் இருப்பது நிரூபணமாகிறது, அப்படியிருக்க இன்னொன்று எதற்கு, பூவராகவன் என்கிற நபர் ஏழு நாளைக்குள் விளக்கம் அளிக்கவும். இதற்கு நான் என்னத்தை விளக்குவேன், சொல்லுங்கள்.

அப்போதுதான் ஆதியம்மாள் வந்தாள். எங்கள் கம்பெனியில் இறால் உரிக்கிற பெண்கள் நாற்பது பேர், எல்லாரும் கடலோரக் குப்பத்து ஜனங்கள், அவர்களுக்கெல்லாம் தலைவி இவள். ஐம்பது வயசு இருக்கும், வாய் ரொம்ப நீளம், ஆனால் மனசிலே ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "இன்னா ரைட்டரே, செவுத்தப் பார்த்துகினு நிக்கற? அந்தக் கண்ணாடிக் குச்சி இல்லாட்டி இன்னா, என் கை கீதே" என்றாள். உள்ளே போய் உறைந்த பாளத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, குப்பத்து வழக்கப்படி ஒண்ணுக்குப் பதில் லாபம் என்று ஆரம்பித்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணி, ஏழு சொன்னதும் வெடுக்கென்று எடுத்தாள். "ஏழு தாங்குச்சுன்னா குளிரு சரியா கீது. பத்து தாங்குச்சுன்னா மிஷின்ல கோளாறு. பதினஞ்சு தாங்குச்சுன்னா எறாவ எடுத்தும்போயி கடல்லயே கொட்டு" என்றாள். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் போகிற நேரத்தை வைத்து எங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறவர்கள் நாங்கள், ஆதியம்மாள் கையை நம்பினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. ரிஜிஸ்டரில் எழுதினேன்: காலை 8 மணி, ஆதியம்மாள் கை, 7. மனசு லேசாகிவிட்டது. பொய் இல்லை பாருங்கள்.

இப்படியே ஏழு, ஆறு, ஏழு, எட்டு என்று ஒன்றரை வருஷம் எழுதினேன். அந்த விளக்கக் கடிதத்துக்கப்புறம் மேனேஜர் ரிஜிஸ்டரைப் படிப்பது கிடையாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு ஆதியம்மாள் பதிமூன்று வரைக்கும் எண்ணிவிட்டாள். ஓடிப்போய் மெக்கானிக் எல்லப்பனை இழுத்து வந்தேன். மிஷின் பெல்ட் தளர்ந்து கிடந்தது, மாட்டினான், இறால் பிழைத்தது. தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்தது என்று எல்லப்பன் கேட்டான், ரிஜிஸ்டரைக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்து, "அண்ணாத்த, மெட்ராஸ்காரன் இதைப் பார்த்தான்னா உன்னை உரிச்சி உப்புல போட்ருவான்" என்றான். ஆனாலும் அடித்து எழுதவில்லை.

போன வருஷம் ஆனியில், இறால் வாங்குகிற ஜப்பான் கம்பெனியிலிருந்து ஒருத்தர் பரிசோதனைக்கு வந்தார். மேனேஜர் கம்பெனி முழுக்க வெள்ளையடித்தார், ஆணியைக்கூட விடவில்லை, ரிஜிஸ்டரை மட்டும் மறந்துவிட்டார். ஜப்பான்காரர் பழைய ரிஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என் ரிஜிஸ்டர் வந்தது. ஏழு, ஆறு, ஏழு, பதிமூன்று, எட்டு. கூட வந்த துபாஷியிடம் என்னவோ கேட்டார். துபாஷி மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு வேலை போய்விட்டது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். ஆதியம்மாளைக் கூப்பிட்டார்கள். ஜப்பான்காரர் தன் பெட்டியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் பாளத்தில் வைத்தார், பக்கத்தில் ஆதியம்மாள் கையை வைத்தாள். ஏழு எண்ணினாள், மைனஸ் பதினெட்டு. அடுத்த அறைக்குப் போனார்கள், பத்து எண்ணினாள், அங்கே மைனஸ் பதினாலு. ஜப்பான்காரர் தானும் கையை வைத்துப் பார்த்து நாலிலேயே அவர் பாஷையில் அலறிவிட்டார். பிறகு அவளைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார். அவர் எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நினைத்து ஆதியம்மாளும் குனிந்து தரையெல்லாம் தேடினாள். இந்தக் கடற்கரையில் தான் பார்த்த புத்தகங்களில் மனுஷன் எழுதிய புத்தகம் இது ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போன தடவையைவிட இரண்டு பங்கு சரக்குக்கு ஆர்டரும் கொடுத்துப் போனார்.

பார்த்தீர்களா மச்சான்? நேர்மைக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா? மறு மாசமே என்னை சீனியர் ரெக்கார்டு ஆபீசர் ஆக்கினார்கள். கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். நாணயத்துக்கு என்று கண்ணாடி போட்ட நற்சாட்சிப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறேன், ஈரக் காற்றில் ஓரம் கொஞ்சம் பூத்துவிட்டது. ஆதியம்மாளையும் கம்பெனி மறக்கவில்லை. அவள் வலது கையை ஹெட் ஆபீஸ் கருவிகள் பட்டியலில் ஏற்றிவிட்டது. தராசு பன்னிரண்டு, டைப்ரைட்டர் பதிமூன்று, ஆதியம்மாளின் வலது கை பதினான்கு. பித்தளையில் நம்பர் வெட்டிக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டினார்கள். சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். கருவிக்குச் சம்பளம் கிடையாது, பராமரிப்பு உண்டு என்று மாதம் கால் படி தேங்காயெண்ணெய்க்கு உத்தரவாயிற்று. கூடவே சில விதிகளும் வந்தன. கருவியை வெந்நீரில் வைக்கக் கூடாது, மிளகாய் அரைக்கக் கூடாது, மருதாணி வைக்கக் கூடாது, கேட்பாஸ் இல்லாமல் கம்பெனிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. இதனால் தினமும் சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போக நான் ஒரு கேட்பாஸ் எழுத வேண்டியிருந்தது, "கருவி எண் 14, ஓர் இரவு, திருப்பித் தரப்படும்" என்று. வாட்ச்மேன் காலையில் அவள் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சேதமில்லை என்று எழுதி உள்ளே விடுவான்.

ஆயுத பூஜை அன்று பட்டியலில் உள்ள எல்லாக் கருவியையும் வரிசையாக வைக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தராசு, டைப்ரைட்டர், அதற்குப் பக்கத்தில் பலகையில் ஆதியம்மாள், முன்னால் வாழையிலை, இலை மேல் அவள் கை. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சூடம் காட்டினார்கள். அவளும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பொரி கொடுக்கும்போது, "இது எனக்கா, இல்ல என் கைக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மச்சான், புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் அன்று அவள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கித் தின்றார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

இப்போது ஒரு சின்னச் சங்கடம். ஆதியம்மாள் மகள் வேண்டாவுக்குத் தலைப்பிரசவம், செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், குழந்தை திரும்பிக் கிடக்கிறதாம். பத்து நாள் லீவு கேட்டாள். கருவிக்கு லீவு கொடுக்க விதியில்லை, ரிப்பேருக்கு வேண்டுமானால் வெளியே அனுப்பலாம், அதற்கும் மாற்றுக் கருவி எது என்று குறிப்பிட வேண்டும் என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். "எங்க ஊட்டுப் பொண்ணு அங்க துடிச்சிகினு கீது, இன்னா ரைட்டரே உங்க பேஜாரு, இந்தக் கைய வெட்டி வெச்சிட்டுப் போவட்டா?" என்று என் எதிரே நின்று அழுதாள். நான் ஹெட் ஆபீசுக்கு முறைப்படி எழுதிப் போட்டிருக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் எந்தக் கம்பெனியும் கேட்கும் என்பதுதான் என் அனுபவம். நல்ல பதில் வரும்.

ஆகையால் மூர்த்திக்குச் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதக் கூடாது. இன்றைக்கு ஒரு கையெழுத்துதானே என்று போட்டால், நாளைக்கு முனிசாமி மாதிரி ரிடையர் ஆகும்போது இன்னொருத்தனிடம் மேலே பார்த்துக் கீழே எழுது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும், இந்த மாமன் இருக்கிறேன், மச்சாவதாராவில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, இங்கே வரட்டும்.

அக்காவுக்கு எங்கள் இருவருடைய வணக்கமும், சிரஞ்சீவி மூர்த்திக்கு எங்கள் ஆசீர்வாதமும் சேரட்டும். அவன் இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டான் என்று ஒரு வரி எழுதினால் சொர்ணம் நிம்மதியாக இருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
கி. பூவராகவன்,
சீனியர் ரெக்கார்டு ஆபீசர்.

பி.கு. (5-3-1974, செவ்வாய்க்கிழமை): ஸ்டாம்ப் இல்லாததால் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. மச்சான், மேலே ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டிருந்தேன். நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோதே ஆதியம்மாள் கம்பெனியில் இல்லை. வியாழக்கிழமையே அவள் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு, பின்பக்கத்து வேலி வழியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான். எத்தனை நாள் அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டிருப்பது? கேட்பாஸ் எழுதாத வரைக்கும் கருவி உள்ளேதான் இருக்கிறது என்று வாட்ச்மேனுக்குக் கணக்கு. அதற்கப்புறம் ரிஜிஸ்டரில் ஆதியம்மாள் கை ஏழு, ஏழு என்று நானே எழுதினேன். ஏழாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே இரண்டு எட்டும் ஓர் ஆறும் போட்டேன். நானும் கையை வைத்துப் பார்த்தேன், மூன்றிலேயே உயிர் போகிறது, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை எல்லப்பன் அறையைத் திறந்தால் உள்ளே மழை பெய்துகொண்டிருக்கிறது. மிஷின் எப்போது நின்றதோ, பாளமெல்லாம் இளகி, இறால் வாடை ரோடு வரைக்கும் வீசுகிறது. மேனேஜர் ஓடிவந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். "நேத்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஏழுதானே போட்டிருக்கு? ஜப்பான்காரனே நம்பின புஸ்தகம். எறா கெட்டிருக்க முடியாது, லாரியில ஏத்துங்க" என்றார். ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள் மச்சான். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். அந்த ஏழெல்லாம் நான் எழுதினது, கை இங்கே இல்லை என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். இறாலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். என்னைச் சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், காரணம் நாணயக் குறைவு. நற்சாட்சிப் பத்திரத்தை ஆள் விட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆதியம்மாளை ஒன்றும் செய்ய முடியவில்லை, கருவியை டிஸ்மிஸ் பண்ண விதி இல்லையாம். வேண்டாவுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். லாரியை நிறுத்தினதில் எனக்கு வருத்தமே இல்லை, நன்றாகத்தான் தூங்கினேன். விடிந்து குளித்துச் சட்டை மாட்டின பிறகுதான் போக ஓர் இடமில்லை என்று உறைத்தது. சொர்ணம் ரேஷன் கார்டை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள்.

ஆகையால் மூர்த்தியை இங்கே வரச் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள். வேலை நிரந்தரமானதும் ஆபீசரிடம் மெதுவாக ஒரு வார்த்தை கேட்கட்டும், ரிஜிஸ்டர் எழுத அங்கே ஆள் வேண்டுமா என்று. மாமாவுக்குப் பதினோரு வருஷ அனுபவம், எழுத்து முத்து முத்தாக இருக்கும், எதையும் பார்க்காமலே எழுதுவார் என்று சொல்லச் சொல்லுங்கள்.